பதினேழாவது உறை

ஜனவரி 8, திங்கள்

இந்த டைரி பூச்சிமருந்துக் கம்பெனிக்காரர் புத்தாண்டுக்குக் கொடுத்தது. அட்டையில் நெற்கதிர் படம். வருடா வருடம் ஒன்று வாங்குவேன், வருடா வருடம் அதில் மளிகைப் பட்டியல் எழுதித் தீர்ப்பேன். இந்த முறை வேலைக் குறிப்பு எழுத வேண்டியிருக்கிறது.

காலையில் முதல்வர் வேலுச்சாமி கூப்பிட்டு அனுப்பினார். மார்ச்சில் தர மதிப்பீட்டுக் குழு வருகிறது. அவர்கள் படிவத்தில் ‘விழுமியம் சார்ந்த நிகழ்ச்சிகள்’ என்று ஒரு கட்டம் காலியாக இருக்கிறதாம். அதை நிரப்பக் கல்லூரிகளுக்கு இடையே ‘வணிக அறம்’ போட்டி. கல்லூரிக்கு மூன்று பேர் கொண்ட ஓர் அணி. ஏதாவது ஒரு நிறுவனத்தில் நடக்கிற சிக்கலை நாம் எழுதி முன்கூட்டியே அனுப்ப வேண்டும். யார் செய்தது தப்பு, இனி என்ன செய்யலாம் என்று பிள்ளைகள் மேடையில் பேச வேண்டும். பிப்ரவரி 9. குறைந்தது பன்னிரண்டு கல்லூரிகள் வர வேண்டும்.

“காமர்ஸ் ஹெச்ஓடி நீங்க. இருபத்தி ரெண்டு வருச சர்வீஸ். அறம்னா உங்களை விட்டா யாருங் மேடம் இருக்கறாங்க?” என்றார்.

சிரிக்காமல் சொன்னார். நானும் சிரிக்காமல் கேட்டுக்கொண்டேன்.

செய்ய வேண்டியவை: அழைப்பிதழ், கூடம், நடுவர் இரண்டு பேர், மதியச் சாப்பாடு, கோப்பை, சான்றிதழ். சிக்கலை எழுதுவது என் பொறுப்பு.

ஜனவரி 10, புதன்

இருபத்து மூன்று கல்லூரிகளின் முகவரியை லோகநாதன் எடுத்துக் கொடுத்தான். என் துறையில் சேர்ந்து மூன்று வருடமான உதவிப் பேராசிரியன். சுறுசுறுப்பு அதிகம், கேள்வியும் அதிகம். உறைகளில் முகவரியை நானே கையால் எழுதினேன். கோகிலவாணி மேடம் எழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும் என்று இந்தக் கல்லூரியில் ஒரு பேர் உண்டு. அந்தப் பேரால் வந்த வேலைகள் கொஞ்சநஞ்சமல்ல.

பதினேழாவது உறை கோபியில் உள்ள ஒரு மகளிர் கல்லூரிக்கு. எழுதி முடித்த பிறகுதான் துறைத் தலைவர் பெயரைப் படித்தேன். சௌடேஸ்வரி.

அவள் இங்கேதான் இருந்தாள். இதே அறையில், எதிர் மேசையில், பதின்மூன்று வருடம். ஏழு வருடத்துக்கு முன்னால் தானாகவே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள். யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை. பிறகு தொடர்பு இல்லை.

இருபத்திரண்டு உறைகள் தபாலுக்குப் போயின. பதினேழாவது என் இழுப்பறையில் இருக்கிறது. பாவம், கோபியிலிருந்து பிள்ளைகள் இவ்வளவு தூரம் பெருந்துறைக்கு வர வேண்டுமா? ஒரு மணி நேரப் பஸ்தான், அது வேறு விஷயம்.

மதியம் புளிச்சோறு. அறையிலேயே சாப்பிட்டேன். மற்றவர்கள் நூலகத்துக்குப் பின்னால் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். எனக்கு அந்தச் சத்தம் ஒத்துக்கொள்ளாது.

ஜனவரி 12, வெள்ளி

கல்லூரியில் பொங்கல். பெண் ஆசிரியைகள் எல்லோரும் மாம்பழ நிறச் சேலை. நான் மட்டும் சாம்பல் நிறம். குரூப்பில் போட்டிருந்தார்களாம், நான்தான் பார்க்கவில்லையாம். இருக்கலாம். போட்டோ எடுக்கும்போது, “மேடம், நீங்க கொஞ்சம் ஓரமா நின்னுக்கறீங்களா?” என்றார்கள். நின்றுகொண்டேன்.

ஜனவரி 15, திங்கள்

பொங்கல் வைத்தேன். ஒரு ஆழாக்கு அரிசி. “பொங்கலோ பொங்கல்” என்று சொல்ல வாயெடுத்தேன், கீழ்வீட்டுக்காரர்களுக்குக் கேட்டுவிடுமோ என்று கூச்சமாகி விட்டுவிட்டேன். மிச்சத்தை மாலையிலும் சாப்பிட்டேன்.

ஜனவரி 19, வெள்ளி

ஐந்து கல்லூரிகள் வருவதாகப் பதில் போட்டிருக்கின்றன. லோகநாதன் உற்சாகமாக வந்து பட்டியலை நீட்டினான். ஐந்தாவது, கோபி.

“அதுக்கு நாம அழைப்பு அனுப்பலையே?” என்றேன்.

“தபால்ல போனா எந்தக் காலத்துல போய்ச் சேர்றதுங் மேடம்னு, இருவத்தி மூணுக்கும் மெயிலும் போட்டுட்டனுங்க. அவங்கதான் மொதல்ல பதில் போட்டாங்க. மூணு பொண்ணுங்க, கூட வர்ற டீச்சர் சௌடேஸ்வரின்னு போட்டிருக்குது. ஏனுங் மேடம், தெரிஞ்சவங்களா?”

“இங்க வேலை பாத்தவங்க.”

“அப்ப நல்லதாப் போச்சு. பழைய ஆளுங்க பாத்துக்கலாம்.”

நல்லதாகத்தான் போயிற்று. மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம் என்பார்கள். எனக்கு என்ன பயம்? உடம்பு சரியில்லை என்று அன்று விடுப்பு எடுக்க முடியுமா என்று மட்டும் யோசித்துப் பார்த்தேன். போட்டியை நடத்துகிறவளே விடுப்பு எடுத்தால் நன்றாக இருக்காது.

ஜனவரி 24, புதன்

சிக்கல் எழுதி முடித்தேன். முதலில் சாயப்பட்டறைக் கழிவுநீர் பற்றி ஒன்று எழுதினேன். இந்தப் பக்கம் எந்தப் போட்டி வைத்தாலும் சாயப்பட்டறைதான். கிழித்துப் போட்டுவிட்டு வேறு எழுதினேன். முழுக்கக் கற்பனை.

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனி. வெளிநாட்டு வாடிக்கையாளர் தணிக்கைக்கு வரப்போகிறார். தீப்பாதுகாப்புக் குழு மாதாமாதம் கூடியதாக நோட்டு இருக்க வேண்டும். கூட்டமே நடக்கவில்லை. மேலாளர் சொன்னபடி கலா என்ற ஊழியர் பதினான்கு கூட்டங்களின் குறிப்பையும் மூன்றே நாளில் எழுதுகிறாள். பழசாகத் தெரிவதற்காக ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு பேனா. கூட்டத்துக்கு வந்ததாக அவரவரே கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். மாலா என்ற ஊழியர் மட்டும் மறுக்கிறாள். ஆனாலும் நோட்டில் மாலாவின் கையெழுத்து இருக்கிறது. அதிலும் ஒரு கூட்டத்தின் தேதி மாலாவின் தகப்பனார் இறந்த தேதி. மாலா புகார் கொடுக்கிறாள். மேலாளர் கலாவைக் கூப்பிட்டுக் கேட்கிறார். அது மாலா போட்ட கையெழுத்துத்தான், என் எதிரில்தான் போட்டாள் என்கிறாள் கலா. மாலா வேலையை விட்டுப் போகிறாள்.

கேள்வி: இப்போது கலா என்ன செய்ய வேண்டும்?

லோகநாதன் படித்தான். “எங்கிருந்து மேடம் புடிச்சீங்க? நேர்ல பாத்தாப்பல இருக்குதுங்களே” என்றான்.

“பேப்பர்ல படிச்சது” என்றேன்.

எல்லாக் கல்லூரிக்கும் அனுப்பிவிட்டான். அனுப்பிய பிறகு இன்னொரு தடவை படித்துப் பார்த்தேன். இதை ஏன் எழுதினேன் என்று எனக்கே தெரியவில்லை.

ஜனவரி 25, வியாழன்

தைப்பூசம், விடுமுறை. ஒட்டடை அடித்தேன். பேச ஆளில்லாத வீட்டில் ஒட்டடை மட்டும் எப்படித்தான் சேருகிறதோ.

ஒன்று எழுத வேண்டும். ஆசிரியர் வருகைப் பதிவேட்டில் ஒன்பது பத்துக்கு அலுவலகத்திலிருந்து வந்து சிவப்பு மையில் ஒரு கோடு இழுப்பார்கள். கோட்டுக்குக் கீழே கையெழுத்துப் போட்டால் தாமதம். மூன்று தாமதம் அரை நாள் விடுப்பு. சௌடேஸ்வரி கோபியிலிருந்து வருவாள். அவளுடைய பஸ் ஒன்பது இருபதுக்குத்தான் வரும். ஒருநாள், “ஏம்புள்ள கோகி, எனக்கும் சேத்து ஒண்ணு கிறுக்கி வெச்சுர்றியா?” என்று போனில் கேட்டாள். கிறுக்கி வைத்தேன். ஆங்கில எஸ் எழுத்தைப் பாம்பு மாதிரி வளைத்து, வால் நுனியில் இரண்டு புள்ளி. ஒரு மாதத்தில் என் கையெழுத்தைவிட அவள் கையெழுத்து எனக்கு நன்றாக வந்தது. பத்து வருடம் போட்டிருப்பேன். பதிலுக்கு அவள் வீட்டு எலுமிச்சை ஊறுகாய் எனக்கு வரும். இதில் தப்பு என்ன இருக்கிறது? கூட வேலை செய்கிறவர்கள் எல்லோரும் செய்வதுதான்.

பிப்ரவரி 2, வெள்ளி

மொத்தம் ஏழு கல்லூரிகள்தான். அதற்கு மேல் தேறவில்லை. முதல்வரிடம் போய்ச் சொன்னேன்.

“ஏழு வந்தா என்னங் மேடம், ரிப்போர்ட்ல பன்னெண்டுன்னு போட்டுக்கலாம். கையெழுத்துப் பதிவேட்டுல மிச்சம் அஞ்சு காலேஜை நாம நெரப்பிக்கலாம். உங்களுக்குத் தெரியாததா?”

பக்கத்தில் லோகநாதன் நின்றுகொண்டிருந்தான். அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

“அறப் போட்டிங்க சார்” என்றேன்.

“அதனாலதான் சொல்றேன். நல்ல காரியம் பாருங்க, அஞ்சு கொறைஞ்சா நல்லாருக்காது.”

பார்க்கலாம் சார் என்று சொல்லிவிட்டு வந்தேன். முடியாது என்று சொல்லவில்லை. முடியாது என்ற வார்த்தை எனக்கு எப்போதும் படியிறங்கிய பிறகுதான் வரும்.

பிப்ரவரி 5, திங்கள்

மேசையில் ஐந்து பேனா இருந்தன. நீலம் இரண்டு, கருப்பு இரண்டு, ஒரு மைப்பேனா. முதல்வர் சொல்லி லோகநாதன் வாங்கி வந்திருக்கிறான்.

இனி முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து என்ன ஆகப்போகிறது. இந்த டைரியை யார் படிக்கப் போகிறார்கள்?

கலா நான்தான். பனியன் கம்பெனி இந்தக் கல்லூரிதான். ஏழு வருடத்துக்கு முன்னாலும் இதே மதிப்பீட்டுக் குழு, இதே முதல்வர். மாணவர் குறைதீர் குழுவின் கூட்டக் குறிப்பு, பதினான்கு. என் எழுத்து அச்சு மாதிரி இருக்கும் என்று என்னிடம் வந்தது. சௌடேஸ்வரி, “நடக்காத கூட்டத்துக்கு நான் எப்படிப் புள்ள வந்தேன்னு போடறது?” என்று நோட்டைத் தள்ளிவிட்டாள். மறுநாள் காலை நோட்டு முதல்வர் மேசைக்குப் போக வேண்டும். பதினான்கு இடம் காலி. என் கை தானாகப் போட்டது. காலைப் பதிவேட்டில் போடுவது மாதிரியேதான் போட்டேன். எஸ், வால், இரண்டு புள்ளி. பதினான்கு தடவை.

அக்டோபர் 17 அவள் அப்பா இறந்த நாள் என்று எனக்கு அப்போது ஞாபகம் வரவில்லை. ஊரார் வீட்டுத் துக்கத் தேதி யாருக்கு நினைவிருக்கும்?

முதல்வர் அறையில் அவள், நான், அவர். “இது யார் கையெழுத்துங் மேடம்?” என்று என்னைக் கேட்டார். “அவங்களுதுதாங்க சார். எம்முன்னாடிதான் போட்டாங்க” என்றேன். தானே கையெழுத்துப் போட்டுவிட்டுக் கல்லூரிப் பெயரைக் கெடுக்கப் பார்க்கிறாள் என்று ஆயிற்று. நீங்களே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டால் மரியாதை என்றார்கள். எழுதிக் கொடுத்தாள். பயத்தில்தான் சொன்னேன். வேறு காரணம் இல்லை. அடுத்த வருடம் நான் துறைத் தலைவர் ஆனேன்.

பிப்ரவரி 8, வியாழன்

கோப்பைகள் வந்துவிட்டன. ‘அறம்’ என்பதில் புள்ளி விழவில்லை. கடைக்காரர் வெள்ளை மையில் ஒரு புள்ளி வைத்துக் கொடுத்தார்.

பிப்ரவரி 9, வெள்ளி

ஒன்பதரைக்கே வந்துவிட்டாள். இந்த முறை தாமதம் இல்லை. தலை பாதி நரைத்திருக்கிறது, சாயம் பூசவில்லை. பின்னால் மூன்று பெண்கள்.

“வாங்க” என்றேன்.

“வந்தனுங்” என்றாள். “நல்லா இருக்கறீங்களா?”

பதின்மூன்று வருடம் வாடி போடி என்று பேசியவள். ‘இருக்கறீங்களா’ என்று கேட்டபோது யாரோ கதவை மெதுவாகச் சாத்துவது மாதிரி இருந்தது. நுழைவாயிலில் லோகநாதன் பதிவேட்டை நீட்டினான், குனிந்து கையெழுத்துப் போட்டாள். நான் அந்தப் பக்கம் பார்க்காமல் கோப்பைகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

முதல் ஆறு அணிகளும் நன்றாகத்தான் பேசினார்கள். கம்பெனி மன்னிப்புக் கேட்க வேண்டும், கணினியில் கைரேகை வைக்க வேண்டும், கலாவுக்கு மனநல ஆலோசனை தர வேண்டும் என்றெல்லாம். ஒரு பையன், கலா மாலாவின் வீட்டுக்குத் தனியாகப் போய்க் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தழுதழுத்தான். கைத்தட்டல் வந்தது. நானும் தட்டினேன். ஊருக்கு உபதேசம் செய்கிறவள் கைதட்டாமல் இருந்தால் எப்படி?

ஏழாவதாகக் கோபி. பிரகதி என்று ஒரு பெண், ஒல்லியாக, மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கிக்கொண்டு பேசினாள்.

“தனியாப் போய் மன்னிப்புக் கேட்டாப் பத்தாதுங்க. மாலா பொய் சொல்றாங்கன்னு பேரானது நாலு பேரு முன்னாடி. மன்னிப்பை மட்டும் காதோட காதா வெச்சுக்கறதுங்களா? கலா அந்தத் தப்பைப் பேனாவுல பண்ணுனாங்க. அதைத் திருப்பறதும் பேனாவுலதான் ஆகோணும். அவங்க சொந்தக் கையெழுத்துப் போட்டு, நான்தான் பண்ணுனேன்னு எழுதிக் குடுக்கோணும்.”

நடுவர், ஓய்வுபெற்ற வங்கி மேலாளர், கண்ணாடியைக் கழற்றினார். “அப்படிக் குடுத்தா கலாவுக்கு வேலை போயிருமேம்மா?”

“மாலாவுக்குப் போச்சுங்களே சார்” என்றாள்.

கைத்தட்டல் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது. முதல் பரிசு அவர்களுக்கு. கோப்பையை என் கையால் கொடுத்தேன்.

டீ நேரத்தில் சௌடேஸ்வரி வேப்பமரத்தடியில் தனியாக நின்றாள். போனேன். சொல்ல வேண்டியதை ஏழு வருடமாகத் தயார் செய்து வைத்திருக்கிறேன். வாயைத் திறந்ததும், “டீ சாப்பிட்டீங்களா?” என்றுதான் வந்தது.

“ஆச்சுங்.” டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டே கேட்டாள். “கேஸ் நீங்க எழுதுனதுங்களா?”

“ஆமாங்க.”

“நல்லா எழுதியிருக்கறீங்க. ஒண்ணுதான் விட்டுப்போச்சு.” என் முகத்தைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். “மாலாவோட அப்பா செத்த அன்னிக்குக் கலாவும் அங்கதான் இருந்தா. காலையிலயே பஸ் புடிச்சு வந்து, சாங்காலம் எடுக்கற வரைக்கும் மாலா தலையைத் தன்ற மடியில வெச்சுட்டு உக்காந்திருந்தா. அதே தேதியில ரெண்டு பேரும் கூட்டத்துல இருந்ததா அவளே எழுதுனா. அதையும் போட்டிருந்தீங்கன்னா புள்ளைங்களுக்குப் பேச இன்னும் நல்லா இருந்திருக்கும்.”

டம்ளரை மேசையில் வைத்துவிட்டுப் பெண்களைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

ஆமாம். இருந்தேன். அந்த நாள் எனக்கு ஞாபகம் வரவில்லை என்று ஐந்தாம் தேதி இங்கே எழுதியது பொய். சொந்த டைரியிலேயே பொய் எழுதுகிற ஜென்மம் நான். அந்தத் தேதியைக் குறிப்பில் எழுதும்போது எங்கேயோ ஒரு முள் குத்தியது. மாதாமாதம் மூன்றாவது திங்கட்கிழமை கூட்டம், வரிசைக்குச் சரியாக வருகிறதே என்று விட்டுவிட்டேன். அவள் அழுகை என் மடியில் ஈரமாக இருந்த நாளை, வரிசைக்குச் சரியாக வருகிறது என்று எழுதினேன்.

நாலு மணிக்கு முதல்வர் கடந்து போகும்போது, “அந்த அஞ்சை இன்னிக்கே முடிச்சிருங் மேடம்” என்றார். பதிவேடும் ஐந்து பேனாவும் என் மேசையில் இருந்தன. திறந்தேன். ஏழாவது வரிசையில் அவள் கையெழுத்தைப் பார்த்தேன்.

எஸ் இல்லை. பாம்பும் இல்லை, புள்ளியும் இல்லை. தமிழில், ஒவ்வோர் எழுத்தாக, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதுகிற மாதிரி முழுப்பெயர். ‘சௌடேஸ்வரி’. கீழே இன்றைய தேதி. அதற்கும் கீழே மணி, 9.32.

முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. இருபது வயதிலிருந்து போட்ட கையெழுத்தை விட்டுவிட்டாள். அது அவளுடையதாக இல்லாமல் போய்விட்டது. நான் எடுத்துக்கொண்டேன். நேரம் வரைக்கும் குறித்து வைக்கிற ஆளாக அவளை ஆக்கியவள் நான்.

அழுதேன். கதவைச் சாத்த எழுந்தேன், யாரும் வரப்போவதில்லை என்று தெரிந்து உட்கார்ந்துவிட்டேன்.

அப்புறம் அலுவலகத்துக்குப் போய்ச் சிவப்பு மைப் பேனாவையும் அடிக்கோலையும் வாங்கி வந்தேன். ஏழாவது வரிசைக்குக் கீழே கோடு இழுத்தேன். ‘மொத்தம் ஏழு கல்லூரிகள்’ என்று எழுதி என் பெயரில் கையெழுத்துப் போட்டேன்.

பிப்ரவரி 12, திங்கள்

இரண்டு நாள் எழுதி எழுதிக் கிழித்தது, கடைசியில் ஒரு பக்கத்தில் அடங்கிவிட்டது. எந்த நோட்டு, எத்தனை கூட்டம், எத்தனை கையெழுத்து, யார் போட்டது, விசாரணையில் நான் சொன்ன பொய். அக்டோபர் 17 அன்று நானும் சௌடேஸ்வரியும் எங்கே இருந்தோம் என்பதும். முதல்வருக்கு ஒன்று, நிர்வாகத்துக்கு ஒன்று, மதிப்பீட்டுக் குழுவுக்கு ஒன்று.

முதல்வர் படித்துவிட்டு எழுந்து கதவைச் சாத்தினார்.

“உங்களுக்கு என்னாச்சுங் மேடம்? ரிட்டையர்மெண்டுக்கு இன்னும் ஒம்பது வருசம் இருக்குது. யாரு உங்களைக் கேட்டா?”

“பிரகதின்னு ஒரு பொண்ணுங்க சார்” என்றேன். அவருக்குப் புரியவில்லை.

கடிதத்தைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். “நான் பாக்கல. எடுத்துட்டுப் போங்க.”

“முடியாதுங் சார்.”

படியிறங்குவதற்கு முன்னாலேயே வந்துவிட்டது அந்த வார்த்தை.

மதியமே தற்காலிகப் பணிநீக்க உத்தரவு வந்தது. சாமான்களை எடுக்கும்போது இழுப்பறையில் பதினேழாவது உறை கிடந்தது. முகவரி ஏற்கெனவே எழுதியாகிவிட்டதே. அழைப்பிதழை எடுத்துவிட்டுக் கடிதத்தின் நாலாவது நகலை வைத்தேன். வேறு எதுவும் எழுதவில்லை. மன்னிப்பு என்று ஒரு வரி சேர்க்கலாமா என்று பார்த்தேன், அது என் நிம்மதிக்காகத்தான் இருக்கும். ஒப்புதல் அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினேன். லோகநாதன் என் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை வந்தான். பஸ் வரும் வரை ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

பிப்ரவரி 21, புதன்

காலையில் அரிசி புடைத்தேன். பத்து மணிக்கு மணி அடித்தது. தபால்காரர். இந்த வீட்டு மணி கடைசியாக எப்போது அடித்தது என்று ஞாபகமில்லை.

ஒப்புதல் அட்டை திரும்பி வந்திருக்கிறது. பின்பக்கமும் திருப்பிப் பார்த்தேன். ஒரு வார்த்தை இல்லை. அவளிடமிருந்து போன் ஒன்றும் வரவில்லை, வரும் என்று நான் நினைக்கவும் இல்லை. மன்னித்துவிட்டாள் என்றெல்லாம் எழுத மாட்டேன். பொய் எழுதியது போதும்.

ஆனால் பெற்றுக்கொண்டவர் கையெழுத்து என்ற இடத்தில் தமிழ் எழுத்து இல்லை. வளைந்த எஸ். நீண்ட வால். நுனியில் இரண்டு புள்ளி, கொஞ்சம் அழுத்தியே வைத்திருக்கிறாள்.

ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கையில் பேனா இருந்தது. எழுதிப் பார்க்கவில்லை.